பெயர் வெட்டுப்படும்

என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் என் வாய். நேர்முகத்தில் ஒரு தாளைத் தந்து, அதில் உள்ள கேள்வியை வயலில் நிற்கிற ஒரு பெண்ணிடம் கேட்பது போலக் கேட்கச் சொன்னார்கள். “கடந்த இரு வாரங்களில் நாளாந்த அலுவல்களில் நாட்டமின்மையை உணர்ந்தீர்களா” என்று இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. “இந்த ரெண்டு கிழமையும் ஒண்டிலயும் மனம் இல்லாமல் இருந்தனீங்களோ?” என்று கேட்டேன். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார். உயர்தரம் முடித்துப் பன்னிரண்டு வருடம் வீட்டில் குந்தியிருந்தவள் நான். ஊரில் எல்லோரையும் மட்டம் தட்டித் திரிந்த வாய்க்கும் ஒரு பதவி கிடைத்துவிட்டது என்று அண்ணி சொன்னா. அவாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஓர் ஆராய்ச்சியில். இயற்கை வைத்தியம் உடம்பு நோவையும் மனச்சோர்வையும் ஒன்றாகக் குறைக்குமா என்று பார்க்கிறார்கள். ஒட்டுசுட்டான் சந்தியில் இருந்து உள்ளே போகிற வீதியில் பூட்டிக் கிடந்த ஒரு மண்டபத்தைத் திறந்து கழுவினார்கள். குளத்து அடிமண்ணை அரித்து ஊறவைத்து, துணியில் தடவி வயிற்றில் வைப்பார்கள். தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் இருத்துவார்கள். நல்லெண்ணெய் பூசி முதுகை உருவிவிடுவார்கள். தேத்தண்ணீர், சீனி இரண்டும் கூடாது. வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்ற பெண்களைப் படுக்க வைத்து அவர்கள் மேல் சேற்றை வைக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். முதல் நாள், எண்ணெய் பூசுகிறவர் ஒரு பெண்ணின் முதுகில் கையை வைத்ததும் அந்தப் பெண் குலுங்கி அழத் தொடங்கினாள். எனக்கோ தாள் நிரப்ப நேரமாகிறதே என்று எரிச்சலாக இருந்தது.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவரை எல்லோரும் சேர் என்றுதான் சொல்வோம். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். வந்த பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். முதல் குழுவுக்கு உடனே வைத்தியம். இரண்டாவது குழு பன்னிரண்டு கிழமை காத்திருக்க வேண்டும், அதன் பிறகு அவர்களுக்கும் எல்லாம் உண்டு. அதுவரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நான் அவர்களின் வீட்டுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும். வைத்தியம் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆராய்ச்சி என்று சேர் விளங்கப்படுத்தினார்.

மருந்துகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் தந்திருந்தார்கள். அதைப் பெண்களுக்கு எங்கள் பேச்சில் சொல்வது என் பொறுப்பு. முதல் பந்தியை வாசித்தேன். கடையில் தாங்களாக வாங்கிப் போடுகிற நோக்குளிசை, நித்திரைக் குளிசை என்று எல்லா மாத்திரைகளையும் நிறுத்த வேண்டும் என்று இருந்தது. மிச்சமும் அதைத்தான் நீட்டி முழக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு குழுவையும் ஒன்றாக இருத்தி, பன்னிரண்டு கிழமையும் குளிசை ஒன்றும் போடக்கூடாது என்று ஒரே வசனத்தில் முடித்தேன். சனத்தின் மனதில் பதியட்டும் என்று நானாக இன்னொன்றையும் சேர்த்தேன். போட்டால் பெயர் வெட்டுப்படும்.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய வெருட்டு கிடையாது. நிவாரணம், வீட்டுத்திட்டம், மலசலகூடம், கோழிக்குஞ்சு எல்லாமே பட்டியலில் வந்தவை. பெயர் இருந்தால் கிடைக்கும், ஒரு கூட்டத்துக்குப் போகாவிட்டால் வெட்டிவிடுவார்கள். பெண்கள் உடனே தலையாட்டினார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் சொல்ல வந்த பெண் இருந்தது இரண்டாவது குழுவில். ஐம்பது இன்னும் ஆகவில்லை, பார்த்தால் அறுபது சொல்லலாம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம், அவர் பிறந்தது இங்கேதான். எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்த குடும்பம்தான். ஆனால் எங்கள் வயலில் புல்லுப் பிடுங்க அவர்கள் வருவார்கள், அவர்களின் வயலுக்கு நாங்கள் போனதில்லை. அவர்களைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு சொல் புழங்கியது. அதை இங்கே எழுதவில்லை, வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மண்டபத்தில் மற்றப் பெண்களை “அக்கா, வாங்கோ, இருங்கோ” என்ற நான், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த இவரை மரியாதை குறைத்து “நீர்” என்றேன். அவர் என்னை “மிஸ்” என்றார்.

அவருக்குப் படுத்தால் நெஞ்சு படபடக்கும். சுவரில் சாய்ந்திருந்தால் கொஞ்சம் கண் மூடலாம். பிடரி எரிகிறது, முதுகு கல்லாகிவிட்டது, யாராவது ஒருக்கால் உருவிவிட்டால் போதும் என்றார். கணவர் இறந்து கனகாலம். ஒரே மகள் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப் போய்ப் பொழுதுபடத் திரும்புகிறவள். சீட்டில் இரண்டாவது குழு என்று வந்ததும் அவரின் முகம் விழுந்துவிட்டது. வீட்டுத்திட்டத்துக்கு வருடக்கணக்காக இருந்தேன், இதுக்கு இருக்க மாட்டேனா என்று பிறகு தானே சொல்லிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு திரும்பி வந்து கதவடியில் நின்றார்.

“பிரஷர் குளிசையும் போடக்கூடாதோ மிஸ்? அது கிளினிக்கில தாறது.”

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

“எல்லாம் எண்டா எல்லாம்தான். உமக்கு மட்டும் வேற சட்டமோ?”

“இல்லை மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றப் பெண்கள் என் முன்னால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வழமைபோலக் குளிசையை விழுங்கினார்கள் என்பது பின்னர் தெரிய வந்தது. என்னைப் பற்றி அவர்களுக்குச் சரியான மதிப்பீடு இருந்திருக்கிறது. நான் சொன்னதை அப்படியே செய்தவர் இவர் ஒருவர்தான்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவரின் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஒரேயொரு கதிரையைத் துடைத்து வெளியே போடுவார், தான் நிலத்தில் இருப்பார். நான் கேட்பேன், அவர் சொல்வார். தலைப்பாரம் கூடிவிட்டது. குனிந்து எழும்பினால் கண் இருட்டுகிறது. வரம்பில் நடக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது. நான் ஓம், ஓம் என்று கட்டங்களில் அடையாளம் போட்டேன். காத்திருக்கிற குழு சுகப்படக்கூடாதுதானே, அப்போதுதானே வித்தியாசம் தெரியும் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. தாளின் கடைசிப் பக்கத்தில் வழமையான மருந்துகளை எடுக்கிறாரா என்று ஒரு நிரல் இருந்தது. யாரும் எடுக்கக்கூடாது என்று நானே சொல்லிவிட்டதால் அந்த நிரலை எல்லாருக்கும் வெறுமையாக விட்டேன். தாள்கள் என் அலுமாரியில்தான் இருந்தன, கடைசியில் ஒன்றாக ஒப்படைத்தால் போதும்.

அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒன்றைத்தான், தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று. இருக்குது, பயப்பட வேண்டாம் என்பேன்.

எட்டாவது கிழமை எழுதி முடித்துவிட்டு எழும்பினேன். கொஞ்சம் நில்லுங்கோ என்று உள்ளே போய், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு பால்மா டின்னை எடுத்து வந்தார். மகள் கண்டால் விழுங்கச் சொல்லி ஏசுவாள், அதனால்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்றார். ஆராய்ச்சிக் கதையை வீட்டில் கதைக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அதையும் கடைப்பிடித்திருந்தார். மூடியைத் திறந்து காட்டினார். சின்னச் சின்னக் கடதாசிப் பைகளில் அரை டின் குளிசை.

“ஒண்டும் தொடேல்ல மிஸ். கிளினிக்குக்கும் மாதம் மாதம் போய் எடுக்கிறனான். அங்கயும் பேர் வெட்டக்கூடாதெல்லோ.”

பிரஷர் கூடிவிட்டது என்று டொக்டர் இந்த மாதம் இன்னொரு குளிசையும் சேர்த்துத் தந்தார், அதுவும் இதற்குள்தான் இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் கொப்பியைக் காட்டுகிற பிள்ளையைப் போல நின்றார். கெட்டிக்காரிதான் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்குப் போய், மருந்துகளைப் பற்றித் தந்திருந்த பக்கத்தைத் தேடி எடுத்து முழுவதும் வாசித்தேன். பிரஷர், சீனி, இருதயம் இவற்றுக்குக் கிளினிக்கில் தருகிற மருந்தை எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று இரண்டாவது பந்தியில் இருந்தது. காத்திருக்கும் குழு எதையுமே மாற்றக்கூடாது என்று மூன்றாவது பந்தி. இரண்டுக்கும் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வீடு இரண்டு மைல்தான், வெயில்கூட இறங்கிவிட்டது. “அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன், இண்டைக்கே போடுங்கோ” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவர் அதை மண்டபத்தில் சொல்வார். சேரின் காதுக்குப் போகும். சனத்துக்கு விளங்கச் சொல்ல என்று எடுத்த ஆள் ஒரு பக்கத்தை வாசிக்கவில்லை என்று தெரியும். வேலை போகும். அண்ணி சிரிப்பா. நான் பயந்தேன், அதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன். அவரைப் போன்ற ஒருவரிடம் போய்ப் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. இன்னும் நாலு கிழமைதானே, இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லையே என்று என்னையே சமாதானப்படுத்தினேன். பத்தாவது கிழமை போனபோது டின்னைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. வலது கை விறைக்கிறது என்றார். ஓம் என்று எழுதினேன்.

பதினோராவது கிழமை, புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் வரம்பில் சரிந்துவிட்டார். காலை பத்து மணி இருக்கும். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தண்ணீர் தெளித்து, பிறகு ஓட்டோ பிடித்து, ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. செய்தி எனக்கு வந்ததும் நான் முதலில் போனது ஆசுபத்திரிக்கு இல்லை, என் அலுமாரிக்கு. அவருடைய ஐந்து தாள்களையும் எடுத்து, மருந்து எடுக்கிறாரா என்ற நிரலில் ஓம் என்று எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று மூன்று பேனைகளை மாற்றினேன். மற்றவர்களின் தாள்களிலும் அந்த நிரலை அப்படியே நிரப்பிவிட்டேன்.

அடுத்த நாள் அவரைப் பார்க்கப் போனேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு இல்லை. கண் மட்டும் தெளிவாக இருந்தது. பக்கத்தில் மகள், மடியில் அந்த டின். வீட்டில் உடுப்பு எடுக்கப் போன இடத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். குளிசையைப் போட்டிருந்தால் இது வந்திருக்காது என்று டொக்டர் அவளை ஏசியிருந்தார்.

“இவ்வளவும் போடாமல் ஒளிச்சு வச்சிருக்கிறா மிஸ். ஏன் இப்பிடிச் செய்தவா? உங்களிட்ட ஏதும் சொன்னவாவோ?”

கட்டிலில் இருந்து அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லப்போகிறேன் என்று அவர் நம்பினார், அது அந்தப் பார்வையில் தெரிந்தது. இன்றுவரை என்னை யாரும் அப்படி நம்பிப் பார்த்ததில்லை.

“ஒண்டும் சொல்லேல்ல. மறதியாத்தான் இருக்கும். வயசு போகுதெல்லோ” என்றேன்.

மகள் தாயின் பக்கம் திரும்பி அழுதுகொண்டே ஏசத் தொடங்கினாள். மறந்தாய் என்றால் ஏன் ஒளித்தாய், நான் வேலைக்குப் போய் உழைக்கிறது உனக்குப் பொறுக்கவில்லையா, இனி உன்னை யார் பார்ப்பது என்று வார்டு முழுக்கக் கேட்க ஏசினாள். தாய் அவளைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர் தாள்களைப் பார்த்தார். ஐந்து தடவையும் மருந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறா, பாவம், எங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லியிருக்கிறா என்று வருத்தப்பட்டார். அந்தத் தாள்கள் கணக்கில் இருந்து எடுக்கப்படவில்லை. முடிவுகளைச் சொன்ன கூட்டத்தில், இரண்டு குழுவுக்கும் நல்ல வித்தியாசம் தெரிகிறது என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சேர் சொன்ன சொல் தவறாதவர். காத்திருந்தவர்களுக்குத் தருவதாகச் சொன்னதை இவருக்கு வீட்டிலேயே கொடுக்க வேண்டும் என்றார். எண்ணெய் பூசுகிறவர் அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டதால், பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய என்னைப் போய் மகளுக்குக் காட்டிக்கொடுக்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மகள் தொழிற்சாலையை விட்டு வீட்டோடு நின்றுவிட்டாள். குளிசையைத் தானே தாயின் வாயில் போட்டு, விழுங்கிவிட்டாயா, எங்கே வாயைத் திற என்று பார்த்த பிறகுதான் தண்ணீர்க் கோப்பையை வைத்தாள். பிறகு இரண்டு பேருமாக அவரைச் சரித்துப் படுக்க வைத்தோம். நான் எண்ணெயைக் கையில் ஊற்றி அவருடைய முதுகில் வைத்தேன். அவர் அசைந்து, சுகமாக இருந்த இடது கையைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வயலில் வேலை செய்த கை, விரல் இறுகியது. திரும்பி என் முகத்தைப் பார்த்து, தொண்டையில் இருந்து ஏதோ சொல்ல முயன்றார். ஒரே சத்தம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நகம் என் தோலுக்குள் இறங்கியது.

மகள் தாயின் வாயைத் துடைத்துவிட்டாள்.

“உங்களுக்கு நன்றி சொல்லுறா மிஸ். உங்களை இவாக்குச் சரியான விருப்பம்.”

“பரவாயில்ல” என்றேன். அவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, எண்ணெயை எப்படிக் கீழிருந்து மேலே உருவ வேண்டும் என்று மகளுக்குக் காட்டினேன்.