பச்சைப் புள்ளி இல்லாத சுவிட்சுகள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் லேம்ப் அக்கா முதல் வேலையாக அங்கிருக்கும் சுவிட்சை மூன்று முறை தட்டிப் பார்ப்பாள். போடுவாள், அணைப்பாள், மறுபடி போடுவாள். அப்போது தலை இடப்பக்கம் சாயும். சத்தத்தைக் கேட்கிறாளாம். சொந்தக்காரர் வீடு, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, மகள் படித்த கல்லூரியின் அலுவலகம் என்று எங்கே போனாலும் இதே கதைதான். "உங்கம்மா வேலைக்குப் போயிட்டு வந்துட்டான்னு தெருமுனையில இருந்தே தெரியும், வீடு கண்ணடிக்கும்" என்று மகளிடம் அப்பா சொல்வார். கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் தலைமாட்டு விளக்கை அப்படித்தான் தட்டினாள். நர்ஸ் அதட்டியதற்கு, "ரெண்டு சத்தம் வருதும்மா, நல்ல சுவிட்ச்னா ஒரு சத்தம்தான் வரணும். மாத்தச் சொல்லு" என்றாள். மறுநாள் மாற்றியும் விட்டார்கள்.

பெரிய இயந்திரங்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறையில் அவள் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். வாசலையே அடைக்கும் அகலமான இரும்புப் பெட்டிகள், உள்ளே வயர்கள், முகப்பில் வரிசையாக டாகிள் சுவிட்சுகள். கட்டைவிரலால் மேலே தள்ளினால் ஆன், கீழே தள்ளினால் ஆஃப். முதல் மூன்று வருடம் வயரிங் வேலைதான். ஒருநாள் கையில் கட்டுப்போட்ட ஒருவர் பட்டறைக்கு வந்தார். கலவை இயந்திரம் ஓட்டுபவர். இரண்டு விரல் போயிருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "ஆஃப்லதான்மா இருந்துச்சு. நான் பார்த்துட்டுத்தான் கையை விட்டேன்" என்று மட்டும் சொன்னார். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார்கள். பிடி கீழே இருந்தது. உள்ளே கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் உலோகத் துண்டான காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டு கரன்ட்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த சுவிட்சை மாட்டியது அவள்தான்.

மறுநாள் அவள் ஒரு பலகையில் இருநூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, வருகிற ஒவ்வொரு சுவிட்சையும் அதன் வழியாக இருபது முறை போட்டு அணைக்க ஆரம்பித்தாள். சத்தம் ஒன்றாக வரவேண்டும், பிடி நடுவில் நிற்கக் கூடாது, பல்பு கண்சிமிட்டக் கூடாது. தேறியதன் முதுகில் பச்சை பெயின்டில் ஒரு புள்ளி. பட்டறையில் அந்தப் பலகைக்கு லேம்ப் என்று பேர் வந்தது, அவளுக்கு லேம்ப் அக்கா என்று. பழைய முதலாளி சிரித்தார். "ஒவ்வொண்ணையும் தட்டிட்டிருந்தா எப்பம்மா பெட்டி போகும்?" என்றார். "தட்டாம நான் மாட்ட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க" என்றாள். அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை. நாளடைவில், பச்சைப் புள்ளி இருந்தால்தான் பேனலை வாங்குவோம் என்று வாடிக்கையாளர்களே கேட்கத் தொடங்கினார்கள். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் கழித்துப் போட்ட சுவிட்சுகள் எத்தனை விரல்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காப்பாற்றப்பட்ட விரலை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

அந்தப் பல்பின் சம்பளத்தில்தான் மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். வீட்டில் முதல் பட்டம். அவள் கடைசி வருடம் படிக்கும்போது பட்டறைக்குப் புது வேலை வந்தது. சலவைத்தூள் பொட்டலம் கட்டும் இயந்திரங்களுக்கு பேனல். இதில் சுவிட்ச் மோட்டாரை நேராக ஓட்டாது. உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு, அதற்கு 'ஆன்' என்று சொல்வதுதான் சுவிட்சின் வேலை. அதில் ஓடுவது துளியளவு கரன்ட். அதற்கென்று காண்டாக்டில் தங்கமுலாம் பூசிய சுவிட்சுகளைக் கொண்டுவந்தார் பெட்டித் தம்பி.

பெட்டித் தம்பி ஒரு சுவிட்ச் கம்பெனியின் விற்பனைக்காரர். கறுப்புத் தோல்பெட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாக வருகிறவர். லேம்ப் அக்கா கழித்துப் போடுவதை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துப்போவார். அந்தமுறை மட்டும், ஆறு சாம்பிளை அவள் மேசைமேல் வைத்துவிட்டுத் தயங்கினார்.

"அக்கா, இதுக்கு மட்டும் லேம்ப் போடாதீங்க."

"ஏன்?"

"கம்பெனியில அப்படித்தான் சொல்லியிருக்காங்க. எனக்கும் முழுசாத் தெரியல."

"டெஸ்ட் பண்ணாதேன்னு சொல்றவன் சரக்கை நான் எப்படி நம்புறது தம்பி? பொண்ணுகிட்ட பேசிப் பார்க்கக்கூடாதுன்னு சொல்லிக் கட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "சாம்பிளை வச்சுக்கங்க. அப்புறமா வாங்கிக்கறேன்" என்று போனார். சாம்பிள்கள் டப்பாவிலேயே கிடந்தன. சரக்கு வந்ததும் அவள் எல்லாவற்றையும் லேம்பில் போட்டாள். எல்லாம் தேறின. எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி.

ஆறு மாதத்தில் புகார் வந்தது. சுவிட்சைப் போட்டால் இயந்திரத்துக்குக் கேட்பதில்லை. பதினான்கு பேனல் திரும்பி வந்தது. பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, அப்போது மகன் முதலாளி. அவர் கேட்டதற்கு லேம்ப் அக்கா சட்டென்று சொன்னாள்: "அன்னைக்கே டெஸ்ட் பண்ணாதீங்கன்னு சொன்னான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." முதலாளி அந்த வாக்கியத்தை அப்படியே கடிதத்தில் எழுதி, இனி உங்கள் சரக்கு வேண்டாம் என்று கம்பெனிக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து பெட்டித் தம்பி வந்தார். கையில் பெட்டி இல்லை.

"என்னை நிறுத்திட்டாங்கக்கா. தெரிஞ்சே ஏமாத்தினேன்னு எழுதியிருக்கீங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் அப்படிப்பட்ட ஆளா?"

அவள் கையில் இருந்த சுவிட்சிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நான் என்ன சொல்றது. லேம்ப் சொல்லிடுச்சு."

அவர் போய்விட்டார்.

நாலைந்து மாதம் ஓடியது. மகள் பட்டத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மா சாப்பாட்டுப் பையில் கெட்டுப்போன சுவிட்ச் ஒன்றையும் அந்த ஆறு சாம்பிளையும் கொண்டுவந்து சமையலறை மேசையில் கொட்டினாள். "வேற கம்பெனி தங்க சுவிட்சும் நாலு மாசத்துல இதே கதிதான். நீ படிச்சவதானே, அறுத்துப் பாரு."

மகள் இரண்டை அறுத்தாள். திரும்பி வந்ததில் தங்கத்தைக் காணோம், நடுவில் கரும்புள்ளி. தொடாத சாம்பிளில் காண்டாக்ட் மஞ்சளாக மின்னியது. கம்பெனி வெளியிட்ட டேட்டா ஷீட் என்கிற விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒருமுறை அதிகக் கரன்ட் ஓடினாலும் முலாம் எரிந்துவிடும், அதன்பிறகு சிறு கரன்ட்டுக்கு இது உதவாது.

இருநூறு வாட் பல்பு. இருபது முறை.

மகள் இரண்டு நாள் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. எதைச் சொல்வது? எந்தப் பல்பு தன்னைப் படிக்க வைத்ததோ அந்தப் பல்புதான் தப்பு செய்தது என்றா? படித்ததில் இதுவரை ஒருவருக்கும் உபயோகமில்லை. முதன்முதலாக உபயோகப்படப் போவது அம்மாவைக் குற்றவாளியாக்கவா? சொல்லாமல் இருப்பது அம்மாமேல் உள்ள பிரியமா, பயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் பயம்தான் என்று தோன்றியதும் சொல்லிவிட்டாள்.

"பேப்பர்ல இருக்கா?" என்றாள் லேம்ப் அக்கா. "பேப்பர் சுவிட்ச் போட்டதில்லடி. நான் போட்டிருக்கேன்."

"சரிம்மா, பேப்பரை விடு. என் பட்டமளிப்புக்கு நாலு நாள் லீவு போட்டியே, அந்த வாரம் அவசரம்னு நீ பார்க்காமலே ரெண்டு பேனல் போச்சுன்னு திட்டிட்டிருந்தே. அது திரும்பி வந்துச்சா?"

லேம்ப் அக்கா ஆறிப்போன டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஞாயித்துக்கிழமை அந்தப் பேனல் போன ஆலைக்குக் கிளம்பு" என்றாள்.

சலவைத்தூள் ஆலையில் தும்மாமல் பேச முடியாது. மூன்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டும் பெண் முதல் இரண்டையும் காட்டினாள். "இது மூணு தடவை தட்டினாத்தான்க்கா கேக்கும், எங்க வீட்டுக்காரர் மாதிரி." லேம்ப் அக்கா பேனலின் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். பச்சைப் புள்ளி. அடுத்ததிலும் பச்சைப் புள்ளி. மூன்றாவதைத் திறந்தாள். சுவிட்சின் முதுகு வெறுமையாக இருந்தது.

"இது?"

"இது தங்கமான மிஷின்க்கா. ஒரு தட்டுதான். உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க, புள்ளி வைக்காத சுவிட்சா அனுப்பச் சொல்லி."

லேம்ப் அக்கா அந்த சுவிட்சை மூன்று முறை தட்டினாள். ஒரே சத்தம். பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் இடத்தில் சொன்னாள். "அவன் சொன்னான்டி. ஏன்னு தெரியாமலே சரியாச் சொன்னான்."

திங்கட்கிழமை முதலாளி அறையில் நின்றாள். தப்பு பட்டறையுடையது, பெட்டித் தம்பியுடையது இல்லை என்று அந்தக் கம்பெனிக்கும், சுவிட்சை மாற்றித்தர வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கும் எழுதச் சொன்னாள்.

"முடிஞ்ச கதைக்கா. யாரும் கேக்கல. நீங்களா ஏன் வாயைக் கொடுக்கறீங்க?"

"வாயைக் கொடுத்துத்தானே ஒருத்தன் வேலையைப் பறிச்சேன். அதே வாய்தான் இப்பவும் பேசுது."

"உங்க புள்ளியை நம்பித்தான் வாங்கறாங்க. அது தப்புன்னு நாமளே எழுதினா யார் வருவா?"

"மோட்டாருக்கு என் புள்ளி சரி. போர்டுக்குத் தப்பு. ரெண்டையும் எழுதுங்க. தப்பை மறைச்சு வச்ச புள்ளியை எவன் நம்புவான்?"

"ரெண்டு மாசம் போகட்டும், பார்க்கலாம்."

அவள் மேசைக்குத் திரும்பி, பச்சை பெயின்ட் சீசாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். "எழுதற வரைக்கும் புள்ளி கிடையாது" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். பேனல்கள் வாசல்வரை வரிசை கட்டின. புள்ளி இல்லாததை வாடிக்கையாளர்கள் எடுக்க மறுத்தார்கள். முதலாளி புது சீசா வாங்கி வயரிங் பெண்களிடம் கொடுத்தார். "எங்களுக்குக் கை நடுங்கும் சார்" என்றாள் ஒருத்தி. கை நடுங்காமல் முடியளவு வயரை முறுக்குகிறவள் அவள். புது சீசாவின் மூடியை யாரும் திறக்கவில்லை.

நாலாம் நாள் கடிதம் தட்டச்சாகி வந்தது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளை வாசிக்கச் சொன்னாள். 'சோதனை முறையில் ஏற்பட்ட சிறு தவறு' என்று இருந்தது.

"'சிறு'வை அடி" என்றாள். "அதுவா ஏற்பட்டுச்சா? யார் பண்ணினான்னு இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப எழுது. எங்கள் சோதனையாளர் செய்தது. தடுத்த விற்பனைக்காரர் பேச்சை அவர் கேட்கவில்லை."

"முதலாளி கையெழுத்துப் போடுவாராம்மா?"

"பெயின்ட் என் பையில இருக்கு."

போட்டார். கடிதங்கள் போயின. இரண்டு வாடிக்கையாளர் முகம் திருப்பினார்கள், மற்றவர்கள் மாற்றிய சுவிட்சை வாங்கிக்கொண்டார்கள். அவள் மேசையில் இரண்டு தட்டு வந்தது. மோட்டாருக்குப் போவது லேம்புக்கு, பச்சைப் புள்ளி. போர்டுக்குப் போவதைச் சோதிக்க மகள் சிறு பேட்டரியும் மீட்டரும் வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தாள். அதில் தேறியதற்குப் புள்ளி கிடையாது. பல்பை அவள் கழற்றவில்லை. கழற்றச் சொன்ன சூப்பர்வைசரிடம், "ரெண்டு விரலைக் கொண்டு வா, கழட்டறேன்" என்றாள்.

சுவிட்ச் கம்பெனியிலிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. நன்றி, வியாபாரத்தைத் தொடரலாம், அந்தப் பிரதிநிதி இப்போது எங்களிடம் இல்லை. அவருடைய பழைய எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். ஒருமுறை விலாசம் விசாரித்து அம்மாவும் மகளும் அந்த வீட்டுக்கே போனார்கள். மாடியில் புதுக் குடித்தனம். "காலி பண்ணி ஆறு மாசமாச்சு, எங்க போனாங்கன்னு தெரியாது" என்றார்கள். இருட்டான படிக்கட்டில் இறங்கும்போது, அவர் தினமும் போட்டிருக்கக்கூடிய சுவிட்சை லேம்ப் அக்கா ஒரே ஒருமுறை போட்டாள். தலை சாயவில்லை.

அதன்பிறகு ஆறு வருடம் வேலை பார்த்தாள். கறுப்புப் பெட்டியோடு யார் வாசலில் வந்தாலும் எழுந்து பார்ப்பாள்.

மருத்துவமனையில் ஒரு மத்தியானம் மகளிடம் சொன்னாள். "டப்பாவுல அவன் சாம்பிள் இருக்கு. வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுப் போனான். வந்தா கொடு. ஆறுல ஒண்ணை அறுத்துட்டோம்னு சொல்லு."

"சொல்றேன்மா."

"அவன் கேட்டதையும் சொல்லு. அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு அக்கா சொன்னாங்கன்னு. அக்கா சொன்னதா சொல்லணும், நீயா சொல்ற மாதிரி சொல்லாதே."

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. டப்பா மகளின் மேசையில் இருக்கிறது. உள்ளே ஐந்து சுவிட்ச், எதிலும் புள்ளி இல்லை. இன்னும் யாரும் வாங்கிப்போக வரவில்லை.