செருப்பைக் கழற்றிய இடம்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்தத் தோல் செருப்பு என்னுடையதைப் போலவே இருந்தது. அதே தடித்த அடி, அதே கட்டைவிரல் வளையம். பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. என்னுடையது அப்போது என் பைக்குள், மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க இரண்டு வீட்டாரும் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போயிருந்தோம். பெண்கள் ரவிக்கைக்கு நிறம் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரத்தநாட்டுச் சம்பந்தி, தோலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாம், பார்த்துவிட்டு வரலாம் என்றார். எடுத்த துணியைக் கடையில் விட்டுப்போக எனக்குப் பயம். வேட்டிப் பையை நான் தூக்கிக்கொண்டேன். கூறைப்புடவைப் பையை அவர் எடுத்துக்கொண்டார். அவர் காலேஜ் படித்தவர், நான் எட்டாவதோடு நின்றவன். என் எந்த வார்த்தையில் சம்பந்தம் முறியுமோ என்று, நிச்சயமான நாளிலிருந்தே அளந்து அளந்துதான் பேசிவந்தேன்.

அவர் டிக்கெட் எடுக்க நின்றபோது நான் முன்னால் போனேன். பளபளத்த தரையைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. வெளியே விட்டால் காணாமல் போய்விடுமே! சுற்றிலும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்தேன். உள்ளே நுழைந்த பிறகுதான் எல்லார் காலிலும் செருப்பு இருப்பது தெரிந்தது. கல்யாணப் பட்டோடு செருப்பு! வெளியே எடுப்பதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். அவரும் வெறுங்கால்தான். வாசலில் விட்டுவிட்டு எவ்வளவு தைரியமாக வருகிறார், மனிதர்!

மிருதங்கம், தோல்பாவை என்று ஒவ்வொன்றாகக் காட்டி வாய் ஓயாமல் பேசினார். கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால் ஒன்றைப் பார்த்து, "நமக்கெதுக்குங்க, ஆத்துத் தண்ணி இருக்கே" என்றேன்.

"மேட்டூர் தொறக்கலேன்னா இதத்தான் எரவல் கேக்கணும் சம்பந்தி!"

எனக்குச் சிரிப்பே வரவில்லை.

வெளியேறும்போது காவலாளி மறித்தார். என் பையிலிருந்து செருப்பு வார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியவரே, இது உள்ள இருந்து எடுத்ததா?"

"என்னுதுதாங்க..." காவலாளி செருப்பை உருவினார். பட்டுக் கரையும் சேர்ந்து வெளியே வந்தது. சம்பந்தி பார்த்துக்கொண்டே நின்றார். கல்யாணம் நின்றுபோனதென்றே முடிவு கட்டிவிட்டேன்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "அவர விடுங்க. இதையும் பாத்துடுங்க" என்று தன் பையைத் திறந்தார். கூறைப்புடவையின் மேல் அவருடைய செருப்பு, ஜோடியாக.

காவலாளி எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தார். "உங்க ஊர்ல செருப்பக் கால்ல போட மாட்டீங்களாய்யா?"

"கால்லதாங்க போடுவோம். கழட்டுனா வாசல்ல விட மாட்டோம், திருடு போயிடும்" என்றார் சம்பந்தி.

தெருவில் செருப்பை மாட்டும்போது சம்பந்தி என் காதோரம் குனிந்தார். "நீங்க என்ன நெனப்பீங்களோன்னு உள்ள எனக்கு ஒண்ணுமே மனசுல பதியலைங்க. எங்க வீட்டுல தெரிஞ்சா கல்யாணத்துக்கு என்னையே கூப்பிட மாட்டா."

முகூர்த்தத்தன்று மகள் அந்தக் கூறைப்புடவையில் மேடையேறினாள். சம்பந்தி புடவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டோம். தோள் மட்டும் குலுங்கியது.

"பெத்த மனசு, அழத்தான செய்யும்" என்று என் மனைவி சம்பந்தியம்மாளிடம் சொல்வது கேட்டது. இன்றுவரை இரண்டு பேரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இதை எழுதி முடித்தபிறகு, அவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்பதுதான் இப்போது என் கவலை.