தெற்கு வாசல் ஷெட்டுகள்

தொழிற்பேட்டையில் ஷெட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் கெஞ்சித் திரிவதுதான் அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலை. பெண்ணுக்கு வரன் தேடி அலைந்தவர்களுக்கு நான் பட்ட பாடு சொல்லாமலே புரியும். திருச்சிக்குப் பெரிய தொழிற்சாலை வருகிறது, அதற்குப் போல்ட்டும் வாஷரும் செய்துகொடுக்கச் சிறுதொழில்கள் முளைக்கும் என்பது திட்டம். முளைக்கவைக்க வேண்டியவன் நான். வருஷ முடிவுக்குள் ஒரு ஷெட்டாவது போகாவிட்டால் என் தற்காலிக உத்தியோகம் போய்விடும். வீட்டிலோ மனைவி நிறைமாதம். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டேதான் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினேன்.

மலைக்கோட்டையில் சொற்பொழிவு

முதலில் ஒரு ஜவுளிக் கடை முதலாளியைப் பிடித்தேன். இறக்குமதி ஏன் குறையவேண்டும், வியாபாரத்தில் முடங்கிய பணம் ஏன் உற்பத்திக்கு வரவேண்டும் என்று விளாசித் தள்ளினேன். மனிதர் காபி வாங்கிக்கொடுத்து, கண்ணை மூடாமல் கேட்டார். விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"பேச்சு நல்லா இருந்துச்சு தம்பி. கல்யாண ஜவுளி எடுக்க வந்தவங்கதான் காத்துக்காத்துப் பார்த்துட்டு எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க" என்றார்.

உச்சி வெயில் தந்திரம்

ஷெட்டுகள் எல்லாம் ஒரே வரைபடம். எல்லாவற்றுக்கும் வாசல் தெற்கே. வந்து பார்த்தவர்கள் யமன் திசை என்று பின்வாங்கினார்கள். கதவை வடக்கே மாற்றலாமா என்று எங்கள் ஓவர்சியரைக் கேட்டேன். "ஃபைல் டெல்லிக்குப் போய் வரதுக்குள்ள அடுத்த அஞ்சு வருஷத் திட்டமே வந்துடும் சார்" என்றார்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். சூரியன் உச்சியில் இருக்கும்போது ஆளைக் கூட்டிப்போனால் திசை தெரியாதல்லவா? திருவானைக்காவல் அரிசி மில்காரர் ஒருவரை நடுப்பகலில் அழைத்துப்போனேன். மின்சாரம், தண்ணீர், ரோடு எல்லாம் அவருக்குப் பிடித்துவிட்டது. வாசலில் நின்று முகத்தைத் துடைத்தவர் அப்படியே தலையைத் திருப்பினார். தொழிற்பேட்டை ஊருக்குக் கிழக்கே இருந்தது.

"மலைக்கோட்டை சோத்துக்கைப் பக்கம் தெரியுதே! அப்ப இது தெற்கு வாசல்தானுங்களே?"

ஸ்ரீரங்கத்து வாஷர்

கடைசியாக வந்தவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். ரப்பர் வாஷர் செய்யப்போகிறாராம். என்னிடம் சொற்பொழிவும் மிச்சமில்லை, தந்திரமும் மிச்சமில்லை. பூட்டைத் திறக்கும் முன்பே, "சுவாமி, வாசல் தெற்கே பார்த்தது. இப்பவே சொல்லிடறேன்" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அதனாலென்ன? நம்ம பெருமாளே தெற்கே பார்த்துண்டுதானே சயனிச்சுண்டிருக்கார்! சாவியைக் கொடுங்கோ."

கொடுத்தேன். அவர் சொன்னது ஊரில் பரவி, அடுத்த வாரமே மில்காரர் ஐயங்காருக்குப் பக்கத்து ஷெட்டைக் கேட்டு வந்தார். என் வேலையும் தப்பியது.

ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, தினமும் பெருமாளைச் சேவித்துவிட்டு ஆபீசுக்குப் போன நான், அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை ஷெட் எடுக்க வந்தவர் வாயால் கேட்டுத்தான் திருச்சியைத் தொழில்மயமாக்கினேன்.