மருமகன் இல்லாத சிடி

தொண்ணூறுகளின் கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டு விசேஷங்களை எடுத்த வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டிச் சேர்த்து, சிடியாக்கிக் கொடுப்பது வேலை. டிவிடி எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. தூக்கமும் அந்த அறையில்தான். சில நாட்களில் கடையில் டீ கேட்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

பாறசாலையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நான்கு கேசட்டுகளோடு வந்தார். மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எடுத்தவை. மகளின் கல்யாணம் முறிந்துபோயிருந்தது.

“எல்லாத்திலயும் மருமவன் உண்டு மக்கா. அவனெ மட்டும் எடுத்துப் போடணும்.”

“செய்யலாம் டீச்சர். வெட்டுன எடத்துல படம் கொஞ்சம் துள்ளிச் சாடும்.”

“சாடட்டு.”

மூன்று வாரம் அவனைத் தேடித்தேடி வெட்டினேன். வெட்டுவதற்குப் பார்க்க வேண்டுமே. என் வயதுக்காரன். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். சிரிப்பதற்கு முன் தலை குனிந்துகொள்வான். என் கூடப்பிறந்தவர்களைக்கூட நான் அவ்வளவு கவனித்ததில்லை.

ஓரிடத்தில் கை ஓடவில்லை. படுக்கையில் கிடந்த டீச்சரின் கணவருக்கு அவன் சவரம் செய்துவிடுகிறான். நுரை மூக்கில் பட்டதும் அவர் சிரிக்கிறார். நான்கு கேசட்டிலும் அவர் சிரிப்பது அங்கே மட்டும்தான். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டீச்சரை வரவழைத்துக் காட்டினேன். இரண்டு முறை போடச் சொன்னார்.

“அவனெ எடுத்தா அவரும் போயிருவாரு டீச்சர்.”

“அது அப்படியே கெடக்கட்டு,” என்றார். பிறகு, “மவ இதப் பாக்கண்டாம். எனக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தா.”

இரண்டு சிடி செய்துகொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்துக் களியக்காவிளை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவனேதான். என்னையறியாமல் சிரித்து, “சுகமா?” என்று கேட்டுவிட்டேன்.

“எனக்கு ஆளு தெரியலியே. எங்க பாத்திருக்கோம்?”

அவன் சவரம் செய்துவிட்ட காட்சியை ஒரு வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அது டீச்சரின் காரியம், நான் சொல்லக்கூடாது.

“ஆளு மாறிப்போச்சு,” என்றேன்.

“சாரமில்ல,” என்று பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினான்.

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அமரவிளை தாண்டியதும் திரும்பி, “எங்க போறிய?” என்றான். யாராவது பேசினால் தேவலை என்று அவனுக்கும் இருந்திருக்கலாம்.

“அடுத்த ஸ்டாப்புதான்,” என்று சொல்லி எழுந்தேன். நான் போகவேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. இறங்கி வெயிலில் நடந்தேன்.