சில்லாட்டத்தில் அங்காளம்மாள் ஜெயித்த விதம்

அங்காளம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்களுக்கு பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. மெஷினிலிருந்து விழுகிற பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பழுது இருந்தால் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து ரிஜெக்ட் கூடையில் போடுவாள். முடி கனத்தில் ஒரு கோடு, கடுகில் கால்வாசி ஒரு கறுப்பு, விரலுக்கே தட்டாத ஒரு குழி, எதுவும் அவளிடம் தப்பாது. இதற்காக அவளை யாரும் மெச்சியது கிடையாது. கண் இருந்தால் பார்க்கத்தானே செய்வார்கள் என்று கம்பெனி நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். புருஷன் ஏழுமலை திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் "உனுக்கு இன்னா தெரியும், சொம்மா இரு" என்பான். இருபது வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கே அது நிச்சயமாகிவிட்டது. அப்படிப்பட்டவள் ஒரே வாரத்தில் கம்பெனியின் பெரிய மூளைக்காரி ஆனாள் என்றால், எங்கோ இடிக்கிறதே என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம்மவர்களுக்கு அதிசயம் என்றால் அவ்வளவு பிரியம்.

எல்லாம் மோசஸால் வந்தது. மோசஸ் மோல்டிங் ஆபரேட்டர், கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவன். புது மெஷின் மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் கெஸ்ட் ஹவுஸில் ஓர் ஆட்டம் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, அதைத் தானே செய்தான். ரிஜெக்ட் கூடையிலிருந்து பிஸ்கட் அளவில் அறுபது சதுர மூடிகளை எடுத்தான். தின்னர் போட்டுச் சிவப்புப் புள்ளியைத் துடைத்தான். உள்பக்கத்தில் ரோடு, கழனி, ஏரி என்று துண்டு துண்டாகப் பெயிண்டால் வரைந்தான். அதுதான் சில்லாட்டம்.

ஆட்டம் சுலபம். சில்லுகளை மேஜை முழுக்கக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். முறை வரும்போது ஒன்றை எடுத்துத் திருப்பி, ரோட்டுக்கு ரோடு, தண்ணிக்குத் தண்ணி பொருந்தும்படி, முன்பு வைத்த சில்லுகளின் பக்கத்தில் வைக்க வேண்டும். ஓர் ஏரியைக் கரை கட்டி முழுசாக மூடுகிறவருக்கே அந்த ஏரி. அதில் எத்தனை சில்லோ அத்தனை பாயிண்ட். ஒருத்தர் பாடுபட்டு வளர்த்த ஏரியைக் கடைசிச் சில்லை வைத்து அடுத்தவர் மூடிக்கொள்ளலாம். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சண்டைக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் ஆள் குறைகிறது என்று அங்காளம்மாளை உட்கார வைத்தார்கள். கவிழ்ந்து கிடந்த சில்லுகளைப் பார்த்ததும், தெரிந்த முகங்களை எதிர்பாராமல் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. எல்லாம் அவள் கையால் கழித்தவை. மூலையில் கோடு ஓடியது, நடுவில் வெள்ளிக் கீற்று விழுந்தது, விளிம்பு பல்லு பல்லாக நின்றது. ஓர் ஆட்டம் முடிவதற்குள் எந்த முதுகுக்கு எந்தப் படம் என்று கண் தானாகப் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஜெயித்தாள். அதற்கு மறுநாளும் ஜெயித்தாள்.

அதுவரைக்கும் குற்றமில்லை. கண்ணைக் கழற்றியா வைக்க முடியும்? ஆனால் மூன்றாம் நாள் மோசஸ் கேட்டான்.

"எப்டிக்கா? எப்ப பாத்தாலும் உனுக்கு மட்டும் கரீட்டான சில்லு வருதே!"

எட்டுப் பேர் சோற்றில் கை வைத்தபடி அவள் வாயையே பார்த்தார்கள். இந்த நாற்பத்தைந்து வயது வரைக்கும் அவள் வாயை அப்படி யாரும் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வேறு சில்லு செய்திருப்பார்கள்.

"எல்லாம் கணக்குதான்," என்றாள் அங்காளம்மாள்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. பேக்கிங்கில் சோனியா என்று ஒருத்தி, கான்ட்ராக்ட் ஆள், திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவள். அவளுக்கு ஆட்டத்தில் வெறி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் "யக்கா, அந்தச் சில்ல ஏன் அங்க வெச்ச?" என்று வந்து நிற்பாள். அங்காளம்மாளும் வாய்க்கு வந்ததை அளந்தாள்.

"ஏரிய சின்னதாவே மூடிடணும். பெருசா கட்டலாம்னு ஆசப்பட்டுக்கினே இருந்தா கடைசிச் சில்லு வராது."

"மூணு பக்கம் தண்ணி இருக்கிற சில்லு மொத்தமே நாலுதான். எத்தினி போச்சின்னு எண்ணிக்கினே வா."

"எதிராளிக்கு இன்னா வேணும்னு பாரு. தீந்துபோன சில்லுதான் அங்க பொருந்தும்ன்ற மாதிரி அவுங்க ஏரிய மடக்கிடு."

சோனியா ஒவ்வொன்றையும் அட்டைப்பெட்டித் துண்டில் எழுதிக்கொண்டாள். ரயிலில் படிப்பாளாம். அதைக் கேட்ட அன்று அங்காளம்மாள் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டாள். அவள் ஒரு சில்லைக்கூட எண்ணியதில்லை.

பேர் மட்டும் ஆறு மாசமாக வளர்ந்துகொண்டே போனது. ஹெச்.ஆர். வீரராகவன் போகிற வழியில் நின்று, "இந்த மாதிரி யோசிக்கிற ஆளுங்கதான் நமக்கு வேணும்" என்றார். ஏழுமலை ஆட்டோ ஸ்டாண்டில், "எங்கூட்டம்மா மூளைக்கு ஆபீசருங்களே நிக்க முடியாது தெரியுமா" என்று பேசுவதை அவளே காதால் கேட்டாள். இப்போதெல்லாம் வீட்டில் அவன் எதற்கும் "நீ இன்னா சொல்ற?" என்று கேட்கிறான். இருபது வருஷம் ஏங்கியது கிடைத்துவிட்டது. கிடைத்தது திருட்டுச் சொத்து என்பதால் அவன் கேட்கும்போதெல்லாம் கூசிப்போனாள்.

மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. கோலப் போட்டி, வாசகப் போட்டியோடு சில்லாட்டமும் உண்டு, கடைசி ஆட்டம் சனிக்கிழமை எம்.டி. முன்னால் என்று வீரராகவன் அறிவித்தார். "ரிஜெக்ட் பீஸ வெச்சு எம்.டி. முன்னாடி ஆட முடியுமா?" என்று நல்ல ஷீட்டில், அதே படங்களோடு, புதுச் சில்லு வெட்டச் சொன்னார். அறுபதின் முதுகும் ஒரே கறுப்பு. முதல் நாளே அவற்றைத் தடவிப் பார்த்தாள் அங்காளம்மாள். அப்பழுக்கு இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல பீஸைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது.

முதல் இரண்டு ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர்கள் அவள் பேருக்கே மிரண்டு தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் எதிரே சோனியா.

சோனியா மிரளவில்லை. சின்னச் சின்ன ஏரியாக மூடிக்கொண்டே போனாள். அங்காளம்மாள் குருட்டாம்போக்கில் எடுத்தாள், வைத்தாள், ஒரே ஒரு பெரிய ஏரியை வளர்த்துக்கொண்டு அதையே நம்பியிருந்தாள். ஒன்பது சில்லு சேர்ந்திருந்தது. அப்போது சோனியா ஒரு சில்லை ஏரி வாயருகே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள்.

"யக்கா, மூணு பக்கம் தண்ணி நாலும் பூடுச்சி. இத்த இனிமே யாராலயும் மூட முடியாது."

ஏமாற்றிச் சொன்ன பேச்சு, அப்படியே நிஜமாகி வந்து அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் முடிந்தபோது சோனியா இருபத்தெட்டு, அங்காளம்மாள் பதினொன்று.

அத்தோடு விட்டிருந்தால் தோற்றவளாக வீட்டுக்குப் போயிருப்பாள். வீரராகவன் மைக்கைப் பிடித்தார். "அங்காளம்மா நெனச்சிருந்தா கண்ண மூடிக்கினே ஜெயிச்சிருப்பாங்க. சோனியாவுக்காக விட்டுக் குடுத்திருக்காங்க. இதுதான் பெரிய மனசு!" சோனியாவுக்கு விழுந்ததைவிட இரண்டு மடங்கு கைத்தட்டல் விழுந்தது. எம்.டி.யே எழுந்து தட்டினார்.

சோனியா பரிசாக வாங்கிய டிபன் கேரியரோடு பக்கத்தில் வந்தாள்.

"நெசமாவா யக்கா? வுட்டுக் குடுத்தியா?"

அங்காளம்மாள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் மூளைக்காரிப் பட்டமும் மிஞ்சும், பெரிய மனசும் கூடச் சேரும். அவள் பேசாமல் நின்றதையே சோனியா பதிலாக எடுத்துக்கொண்டாள். கேரியரை மேஜை மேல் வைத்துவிட்டு, பையிலிருந்த அட்டைத் துண்டுகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்தக் கம்பெனியில் கிடைத்த முதல் கைத்தட்டல் அது. அதையும் பிடுங்கி எடுத்துக்கொண்டோமே என்று அங்காளம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவள் கேன்டீன் ஷெல்ஃபிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். ரிஜெக்ட் சில்லுகளை மேஜையில் கவிழ்த்துக் கொட்டினாள்.

"மோசஸ், இங்க வா. நான் சொல்லச் சொல்ல திருப்பு."

"இன்னாக்கா, திரும்பியும் ஆட்டமா?"

"மூலையில கோடு. ஒரு பக்கம் ரோடு, மூணு பக்கம் கழனி."

மோசஸ் திருப்பினான். ரோடும் கழனியும்.

"வெள்ளிக் கீத்து. நாலு பக்கமும் தண்ணி."

நாலு பக்கமும் தண்ணிதான்.

"பல்லு வெச்சது. குறுக்க ரோடு. நடுக்குழி. கரை ரெண்டு, தண்ணி ரெண்டு."

பத்தாவது சில்லில் சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றது. இருபதாவதில் மோசஸ் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். "போதும்க்கா, வுடு," என்றான். அவள் விடவில்லை. கடைசிச் சில்லு வரைக்கும் சொல்லி முடித்தாள்.

"நான் எதையும் எண்ணுனதில்ல. எல்லாம் முதுகப் பாத்து எடுத்தது. கணக்குன்னு சொன்னதெல்லாம் நானா வுட்ட கதை. இன்னிக்கு நெசமாவே தோத்துட்டேன்."

சோனியாவின் முகத்தில் மன்னிப்பு எதுவும் இல்லை.

"ஆறு மாசமா ரயில்ல குந்திக்கினு படிச்சேன்," என்றாள். "அப்ப நான்தான ஜெயிச்சேன்?"

"நீதான் ஜெயிச்ச."

"எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு? மைக்குல சொல்லு."

வீரராகவன் என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை நீட்டினார். அங்காளம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். குரல் ஸ்பீக்கர் பெட்டியில் மோதி வெளியே போனது. சோனியா கேரியரை எடுத்துக்கொண்டாள். குப்பைக் கூடையிலிருந்து அட்டைகளையும் பொறுக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினாள்.

கேட்டுக்கு வெளியே ஏழுமலை ஆட்டோவோடு நின்றிருந்தான். பெண்டாட்டி பரிசு வாங்குவதைப் பார்க்க நாலு மணிக்கே வந்திருக்கிறான்; பாஸ் இல்லை என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஸ்பீக்கர் கேட் பக்கம்தான் கட்டியிருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சி. ஏறு."

பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். ஆட்டோ எஸ்டேட் ரோட்டைத் தாண்டியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"அறுவதயுமா?"

"இன்னா?"

"அறுவது சில்லும். வெறும் முதுகப் பாத்தே சொல்லிட்டியா?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். பதினெட்டு வருஷத்தில் அவள் கண்ணைப் பற்றி ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி அது. ஆமாம் என்று சொல்லவும் வெட்கமாக இருந்ததால், ரயில் போய் முடிகிறவரை அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள்.