காகம் இல்லாத ஊரில் எலி பிடித்த கதை

நியூசிலாந்தில் யாராவது உங்களுக்குப் போன் எடுத்து, "வீட்டு லானில் மோல் தோண்டுகிறது" என்று சொன்னால் சிரித்துவிடாதீர்கள். நான் சிரித்தேன். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்த லானில் முழங்காலில் நின்று வேலை பார்த்தேன். பெஸ்ட் கன்ட்ரோல் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். என்ன மருந்து, என்ன பொறி என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கும். எழுதியிராத ஒன்றைச் சொல்கிறேன்.

1. இல்லாத பிராணி

போன் எடுத்தவர் கலைச்செல்வி. ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஆக்லாந்தின் ரானுயியில் வாடகை வீட்டில் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிப்ட் வேலை.

"அண்ணே, லான் பூராவும் மோல் தோண்டிப் போட்டிருக்கு. கால வச்சா பொதுக்குனு உள்ள போகுது. உடனே வாங்க."

"தங்கச்சி, இந்த நாட்டில மோல் எண்டு ஒண்டு இல்லை."

"நீங்க இல்லன்னு சொல்லிட்டா ஆச்சா? நெட்ல போட்டோ பார்த்தேன். அச்சு அசலா அதேதான்."

மோல் என்பது மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டித் திரியும் சின்னப் பிராணி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் லான் வைத்திருப்பவர்களின் உயிரை எடுப்பது அதுதான். இங்கே அது கிடையாது. ஆனால் லானுக்கு வருத்தம் வந்தால் நெட்டில் முதலில் வருவது அந்த ஊர்க்காரர் எழுதிய வைத்தியம். கலைச்செல்வி அந்த வைத்தியம் முழுவதையும் செய்து முடித்துவிட்டுத்தான் எனக்குப் போன் எடுத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது லானில் வெயிலில் சார்ஜ் ஆகி அதிரும் குச்சிகள் நாலைந்து நட்டிருந்தன. பாச்சா உருண்டை வாசம் கேட் வரைக்கும் வந்தது. மோலுக்கு ஆமணக்கெண்ணெய் ஆகாது என்று யாரோ எழுதியிருந்தார்களாம். இந்தியன் கடையிலிருந்து விளக்கெண்ணெய் வாங்கி வாளித் தண்ணீரில் கலக்கி லான் முழுக்கத் தெளித்திருந்தார். நடந்தால் சப்பாத்து வழுக்கியது.

வேலியோரம் மண் குவியல்கள் கிடந்தன. பக்கத்தில் ஓட்டைகள். ஓட்டையின் வாய் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வேலிக்குப் பின்னால் சின்ன ஓடை. எனக்குச் சந்தேகமே இல்லை. வளை தோண்டும் பெரிய எலி. ஓடைக் கரையில் இருந்த குடும்பம் புல்லுக்குக் கீழே வந்து வீடு கட்டிவிட்டது.

"எலி" என்றதும் கலைச்செல்வியின் முகம் மாறிவிட்டது. மோல் என்றால் இயற்கையின் குற்றம், எலி என்றால் வீட்டுக்காரியின் குற்றம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"எலின்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றார்.

அந்தப் பெண் பிராப்பர்ட்டி மேனேஜர், ஹேலி. போன இன்ஸ்பெக்ஷனில் லானைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது இது சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடகையைத் தொடர்வது பற்றி ஓனர் யோசிப்பார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வேற வீடு பாக்கலாம்தானே?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு.

கலைச்செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் இந்த வீட்டுலதாண்ணே செத்துப் போனாரு. இந்த அட்ரஸ்தான் அவருக்குத் தெரியும். நான் இங்கேர்ந்து போறதா இல்ல."

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். செத்தவர் அட்ரஸ் பார்த்து வருவார் என்று கோயிலில் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த வேலை எனக்கு வெறும் வேலையாக இருக்கவில்லை.

2. சாப்பிட்டுவிட்டு வரும் எலி

விஷக் கட்டி வைத்துவிட்டுப் போவதுதான் சுலபம். கலைச்செல்வி ஒரே பிடியாக நின்றார்.

"விஷம் மட்டும் வேணாம். குருவி கிருவி சாப்பிட்டுடும்."

"குருவி தொடாது தங்கச்சி. பெட்டிக்குள்ள பூட்டித்தான் வைப்பன்."

"வேணாம்னா வேணாம்ணே."

காரணம் சொல்லவில்லை. சரி, பொறி என்று முடிவு செய்தேன். முதலில் எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டைகளைக் கசக்கிய பேப்பரால் லேசாக அடைத்துவிட்டு, சுற்றிவரப் பவுடர் தூவினேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பேப்பர் வெளியே கிடந்தது, பவுடரில் கால் தடம். இது இந்தத் தொழிலில் பழைய முறை. காசில்லாதது, பொய் சொல்லாதது. ஆள் இருந்த வளைகளின் வாசலில் மரப்பெட்டிகளை வைத்து, உள்ளே பொறியை வைத்து, பீநட் பட்டர் தடவினேன். ஆக்லாந்தில் பீநட் பட்டருக்கு மயங்காத எலியை நான் அதுவரை பார்த்ததில்லை.

இந்த எலிகள் மயங்கவில்லை. பெட்டிக்குள் வந்து பார்த்திருந்தன, தடம் இருந்தது. பீநட் பட்டரைத் தொடவில்லை. சாக்லேட் வைத்தேன், பேக்கன் வைத்தேன். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வருகிறவர்கள் தேநீர்க் கடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. லானில் புதுக் குவியல் மட்டும் கூடியது.

என் பாஸ் பிரையன் நல்ல மனிதர், பொறுமை மட்டும் கம்மி. "எலிக்கு அங்கே வேறெங்கோ சாப்பாடு கிடைக்கிறது மேட். அதைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா" என்றார்.

கண்டுபிடிக்கக் குப்பைத்தொட்டியைப் பார்த்தேன், மூடி சரியாக இருந்தது. கம்போஸ்ட் இல்லை. பக்கத்து வீட்டில் கோழி இல்லை, நாய் இல்லை. எலுமிச்சை மரத்தடியில் விழுந்த பழம்கூட இல்லை. கலைச்செல்வியின் வீடு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. எலி என்னை முட்டாளாக்கினால் நான் வேறு வேலையைக் கவனிக்க மாட்டேன், அது என் குணம். ஒரு நாள் விடியவே வந்து வீட்டு முன்னால் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

3. கா... கா...

முதலில் எனக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்து, "கா... கா... கா..."

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் விரத நாளில் இப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு முடிவதற்குள் மதில் நிறையக் காகம் வந்துவிடும். இங்கே கூப்பிட்டால் வருவதற்கு ஒரு காகமும் இல்லை. மோல் எப்படி இல்லையோ அப்படித்தான் காகமும்.

பின்பக்கம் போனேன். ஷெட்டுக்குப் பின்னால், நான் அதுவரை எட்டிப் பார்க்காத மூலையில், புல்லில் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் சோறு, பருப்பு, நெய். வேலைக்குப் போகும் உடுப்போடு கலைச்செல்வி நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இலையை மறைக்கப் பார்த்தார். பிறகு மறைக்கவில்லை.

"தினமும் வைக்கிறனீங்களா?"

"ஆமா. அவர் போனதுலேர்ந்து."

"இஞ்ச காகம் இல்லையே, தங்கச்சி."

"தெரியும்ணே. ஆனா கறுப்பா ஒரு குருவி வரும், மஞ்ச மூக்கு. அது வந்து ரெண்டு வாய் எடுத்துட்டா எனக்குப் போதும். அது சாப்பிட்டப்புறந்தான் நான் சாப்பிடுவேன்."

விஷம் வேண்டாம் என்று ஏன் ஒற்றைக் காலில் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கறுப்புக் குருவிக்கு ஏதாவது ஆனால் என்ற பயம். குருவி எடுத்தது போக மீந்தது புல்லில் கிடந்திருக்கிறது. வெளிச்சம் போனதும் எலி வந்து இலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நெய்ச்சோறு கிடைக்கிற எலி என் பீநட் பட்டரை ஏன் திரும்பிப் பார்க்கும்?

நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "உங்கட மனுசனுக்கு வைக்கிற சோத்தைத்தான் எலி தின்னுது. அதுதான் லானைத் தோண்டுது. இது நிக்காட்டி உங்களுக்கு இந்த வீடு இல்லை."

அவர் அழவில்லை. கோபப்பட்டார். "அப்ப வைக்காதேங்கிறீங்களா? வீட்ட காப்பாத்திட்டு அவர பட்டினி போடவா?"

வேனுக்குத் திரும்பினேன். பிரையனிடம் சொன்னபோது, "ஃபீட் பண்ணாதே என்று சொல்லு. முடிந்தது" என்றார். அது சரியான பதில். ஆனால் அதைக் கலைச்செல்வியிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலைச்செல்வி கேட்டதையும் பிரையன் கேட்டதையும் சேர்த்துச் சாதிப்பது என்று முடிவெடுத்தேன். சோறு நிற்காது, எலியும் இருக்காது.

4. கம்பமும் திராட்சையும்

ஒரு வழுவழுப்பான இரும்புக் குழாய் வாங்கினேன். நடுவில் தகரத்தைக் கூம்பாக வளைத்துப் புனல் கவிழ்த்த மாதிரி மாட்டினேன், ஏறும் எலி அதற்கு மேல் போக முடியாது. உச்சியில் விளிம்பு வைத்த தட்டு. மரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் எலி எட்டிப் பாய முடியாத இடமாகப் பார்த்து லானின் நடுவில் நட்டேன். குருவி சாப்பிட்டதும் மீதியை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"எடுத்து என்ன பண்றது? குப்பையில போடவா, அவருக்கு வச்சத?"

"கொஞ்சமா வையுங்கோ. ஒரு கவளம். மீதம் வராது."

அதற்குச் சம்மதித்தார். ஆனால் குருவி சம்மதிக்கவில்லை. தரையில் மேய்ந்து பழகியது, கம்பத்தைக் கண்டு வேலியிலேயே உட்கார்ந்திருந்தது. மைனாக்கள்தான் வந்து தட்டில் ஏறின.

"இதுவும் குருவிதானே?" என்றேன்.

"மைனா வேணாம்ணே. அது வாயாடி. எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆளில்ல."

கறுப்புக் குருவி எடுக்காத நாளெல்லாம் அவர் காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வேலைக்குப் போனார். முதியோரைத் தூக்கி இருத்துகிற வேலை. எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. அந்தக் குருவிக்குப் பழம் என்றால் ஆசை என்பது இங்கே லானில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். "சோத்தில ரெண்டு முந்திரிகை வத்தல் போட்டுப் பாருங்கோ" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "உலர்ந்த திராட்சை" என்றேன்.

"திராட்சையா? பாயசத்துல அத மட்டும் பொறுக்கித் திம்பாரு" என்றார். முதல் தடவையாக அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

திராட்சை போட்ட பிறகு குருவி வந்தது.

பாக்கி இருந்தது எலி. தரையில் சோறு வைப்பது நின்றதால் அவற்றுக்குப் பசி வந்துவிட்டது. ஆனாலும் பொறிக்கு வரவில்லை. பழகிய வாசம் வேண்டும். அந்த நெய்ச்சோற்றையே பொறியில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கேட்க நாக்கு எழவில்லை. கேட்டேன்.

"அவருக்கு வச்ச சோத்துலயா எலியக் கொல்லப் போறீங்க?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அன்று வேலை முடிந்தது என்றுதான் வேனில் ஏறினேன். மறுநாள் அவரே போன் எடுத்தார்.

"அண்ணே, வாங்க. ஆனா ஒண்ணு. படைச்ச சோத்துல ஒரு பருக்கை தர மாட்டேன். உங்களுக்குன்னு தனிச் சட்டியில, தனியா வடிச்சுத் தர்றேன். அவருக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துக்கணும். அது எலிச்சோறு, இது அவர் சோறு. ரெண்டும் ஒண்ணில்ல."

எலிக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த வித்தியாசம் இல்லாமல் அவரால் அந்தக் கையால் சோறு வைக்க முடியாது. தினமும் தனிச் சட்டியில் நெய்யும் பருப்பும் போட்டு எலிச்சோறு தயாராக இருந்தது. பொறிகள் பேசத் தொடங்கின, எலிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு கட்டத்துக்குப் பிறகு பேப்பர் அடைத்த ஓட்டை அடைத்தபடியே இருந்தது, பவுடரில் தடம் இல்லை. வளைகளை இடித்து, மண் போட்டு மிதித்து, புல் விதை தூவினேன். மழையும் நல்ல நேரத்தில் வந்தது.

5. இன்ஸ்பெக்ஷன்

ஹேலி வரும் நாளில் நானும் போனேன். "கம்பத்தை மட்டும் இண்டைக்கு ஷெட்டுக்குள்ள வையுங்கோ" என்று முதல் நாளே கெஞ்சியிருந்தேன். போய்ப் பார்த்தால் கம்பம் லானின் நடுவில் நின்றது, தட்டில் சோறு இருந்தது.

"ஒரு நாள்தானே, தங்கச்சி?"

"அவருக்கு மட்டும் ஒரு நாள் பசிக்காதா?"

ஹேலி லானைச் சுற்றி நடந்தார். முன்பு கால் புதைந்த இடங்களில் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். மண் கெட்டியாக நின்றது. புல் இளம் பச்சையாக முளைத்திருந்தது. பிறகு வேலியோரம் இருந்த என் எலிப் பொறிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார். "எலி வந்த வீட்டில் பறவைக்குச் சாப்பாடா?" என்றார்.

நான் வாய் திறக்கப் போனேன். கலைச்செல்வி முந்திக்கொண்டு, ஆங்கிலத்தில், உடையாத குரலில் சொன்னார். "எலி வந்தது என்னால்தான். என் கணவருக்குத் தரையில் சோறு வைத்தேன். அவர் இறந்துவிட்டார். இப்போது மேலே வைக்கிறேன். இதை நிறுத்த மாட்டேன். இந்த வீட்டைவிட்டுப் போகவும் மாட்டேன்."

ஹேலி குனிந்து கம்பத்தடியில் புல்லை விலக்கிப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. தகரக் கூம்பைத் தட்டிப் பார்த்தார். "தரையில் விழாதவரை எனக்குப் பிரச்சினை இல்லை. ஓனருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போன பிறகு குருவி வந்து திராட்சையை எடுத்தது. கலைச்செல்வி உள்ளே போய் இரண்டு தட்டோடு வந்தார். "சாப்பிடுங்கண்ணே. இது எலிச்சோறு இல்ல." பின்படியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். நெய் தாராளமாக இருந்தது.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன பிராணியைப் பார்த்தீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. இந்த வீட்டில் யாருக்குச் சாப்பாடு வைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். எல்லோரும் முதலில் "யாருக்கும் இல்லை" என்பார்கள். அவசரப்படாதீர்கள், டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பொறியை எடுக்க வேண்டும்.