ராமாயி அம்மா குறை சொன்ன சட்டைகள்

வலங்கைமான் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது தஞ்சாவூரில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து கோப்பு தள்ளுகிறேன். சௌகரியம்தான். ஆனாலும் ஐப்பசியில் ரோட்டில் காயும் நெல்லின் வாசனை பஸ் ஜன்னல் வழியாக வந்தால், செம்மொழியும் அவள் அம்மா ராமாயியும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள். ராமாயி அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்தவரை அந்த வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. இப்போது யாராவது அப்படி என்னைத் திட்டமாட்டார்களா என்று இருக்கிறது.

செம்மொழி எங்கள் கால்நடை ஆய்வாளர். பன்னிரண்டு ஊர் மாடுகளுக்கு அவள்தான் சினை ஊசி போட வேண்டும். அப்பா ரெத்தினமும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாகப் பாடுபட்டுப் படிக்கவைத்த பெண். அப்பா அவள் வேலைக்குப் போகும் முன்பே போய்விட்டார். மழை பெய்தால் அவளுடைய மொபெட் வாய்க்கால் கரைச் சேற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் நாற்பது வயதில் துணிந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். பத்து நாளில் கியர் பழகிவிட்டாள். பதினோராம் நாள் விழுந்தாள்.

ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஸ். இவள் ஒதுங்கி நெல்லின் மேல் ஏறிப் பிரேக்கை அழுத்தினாள். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரியும். தெரிந்து என்ன, பஸ்ஸைப் பார்த்ததும் கால் தானாக அழுத்திவிடுகிறது. இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. ஓடிவந்த நெல்லுக்காரர் முதலில் நெல்லைப் பார்த்தார், பிறகுதான் இவளைப் பார்த்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றே ராமாயி அம்மா வண்டிச் சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இருக்கறது ஒரே பொண்ணு. மாடு சினை புடிக்கலன்னா ஊரு ஒண்ணும் அழிஞ்சிடாது" என்றார்.

வண்டி இல்லாமல் அந்த வேலை இல்லை. ஓட்ட முடியாதென்றால் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கும்படி எங்கள் மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் கன்றுக்குட்டியைக் காட்ட வாசலுக்கு ஓடிவருகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை அவளுக்கு உயிர். எழுதிய தாளில் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொறுக்க முடியாமல் நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "வண்டி ஓட்டுறதுக்குன்னே சட்டை விக்கிறாங்கம்மா. விழுந்தாலும் தோலு போகாது."

"காட்டு ஜெனிட்டா, பாக்கறேன்" என்றார். வேண்டாமென்று சொல்லத்தான் வருகிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

கும்பகோணத்தில் மீரா உசேன் என்பவரின் கடைக்குப் போனோம். ஹெல்மெட், மழைக்கோட்டு, பைக் ஜாக்கெட் எல்லாம் வைத்திருந்தார். முதலில் ஒரு தோல் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

"சித்திரை வெயில்ல வெந்துடுவா. ஒரு நாளு போட்டுட்டு மறுநாளு ஆணியில மாட்டிடுவா" என்றார் ராமாயி அம்மா.

அடுத்தது மெல்லிசாக, அழகான கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. துணியை விரலால் நசுக்கிப் பார்த்தார். "ரோட்டுல ஒரு முழம் இழுத்தா நூலு நூலா வந்துடும்."

மூன்றாவது தொளதொளவென்று இருந்தது. முழங்கையில் அடி படாமலிருக்க வைத்த மெத்தைப் பேட் கீழே இறங்கி நின்றது. "விழறப்ப இது ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் இருக்கும்."

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான். நான்காவது சட்டை அளவாக இருந்தது. அதற்கும் விடவில்லை. வாசலில் நின்ற மீரா உசேனின் வண்டியில் மகளை உட்காரவைத்து, "ஹேண்டிலப் புடி" என்றார். கையை நீட்டியதும் சட்டைக்கை நான்கு விரல் மேலே ஏறிவிட்டது.

"மணிக்கட்டு வெளிய தெரியுது பாரு. நெல்லுச் சொணை மொதல்ல அங்கதான் ஏறும்" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மீரா உசேன் என் பக்கம் குனிந்து, "வண்டியில கட் அடிச்சு ஓட்டுற பசங்க யாரும் இவ்ளோ வெவரமாப் பாத்து வாங்கினதில்லீங்க" என்றார். உண்மைதான். வாங்கவிடாமல் தடுக்க வந்தவர் சொன்ன குறை ஒன்றுகூடப் பொய்யில்லை.

ஐந்தாவது சட்டை சாம்பல் நிறம். காற்று புகும் வலைத்துணி, தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் பேட், மணிக்கட்டை இறுக்க ஒரு பட்டி. ராமாயி அம்மா மகளை இரண்டு முறை சுற்றி வந்தார். இழுத்துப் பார்த்தார், கையை மடக்கிப் பார்த்தார், மறுபடியும் வண்டியில் ஏறச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் செம்மொழி கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சுளித்தாள். "ரெண்டாவது காட்டினதையே குடுங்கண்ணே. இது ஆம்பளச் சட்டை மாதிரி இருக்கு. எங்க தெருவுல சிரிப்பாங்க."

அவளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல எனக்கு ஆத்திரம். ராமாயி அம்மா கோபப்படவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்.

"அறுப்புக்குப் போறப்பல்லாம் சேலை மேல ஒங்கப்பாவோட முழுக்கைச் சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் போவேன். சிரிச்சவங்க சிரிச்சாங்க. என் கையப் பாரு, ஒரு கீறலு இருக்கா? இதப் போட்டுக்கறதுன்னா சாவி. நம்ம தெருவுலயும் போட்டுக்கிட்டுதான் போவணும்."

செம்மொழி சாவியை வாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"பத்தாவது படிக்கறப்பம்மா. பள்ளிக்கூடம் விட்டு வர்றேன், கூட ரெண்டு புள்ளைங்க. ரோட்டோர வயல்ல அப்பாவோட ஊதாச் சட்டை தெரிஞ்சிது. நீதான்னு தெரியும். பாக்காத மாதிரி போயிட்டேன்."

இருபத்தைந்து வருடம் இதைச் சுமந்திருக்கிறாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட என்னிடம்கூடச் சொன்னதில்லை.

ராமாயி அம்மா சாவியை அவள் கைக்குள் வைத்து விரல்களை மூடினார்.

"நீ எங்கடி பாக்காமப் போனே? தூரத்துல வர்றப்பவே நான் ஒன்னையப் பாத்துட்டேன். நாந்தானே முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன், கூட வர்றதுங்களுக்கு இது ஒங்கம்மான்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு."